ஆறாவது பந்தி

மாத்தளையில் கடைக் கட்டடம் வைத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு சங்கம் இருந்தது. அதற்கு நான் செயலாளர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்துக்குக் கதிரை போடுவது, வந்தவர்களுக்குப் பிளேன்டீ சொல்வது, கொழும்புக்குப் போகும் பெத்திசங்களை, அதாவது மனுக்களை, தட்டச்சில் அடிப்பது, போன பெத்திசத்துக்குப் பதில் வரவில்லை என்று அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று அறிவிப்பது, இவ்வளவுதான் என் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. எனக்குச் சம்பளம் தந்தவர் சங்கத்தின் தலைவர். திருகோணமலை வீதியில் அவருக்கு ஒரு புடவைக்கடை இருந்தது. அதில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். ஊரே அவரை முதலாளி என்றுதான் சொல்லும், நானும் அப்படியே சொல்கிறேன். பகலில் கடையில் அவர் சொன்னதைக் கேட்பேன், சனிக்கிழமை பின்னேரம் சங்கத்தில் அவர் சொன்னதைக் கேட்பேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கென்று ஒரு கருத்து இருந்ததா என்று இப்போது யாராவது கேட்டால் கோபம்தான் வரும்.

சங்கத்தின் சண்டை வாடகைச் சட்டத்தோடு. சுதந்திரம் கிடைத்த காலத்தில் வந்த சட்டம் அது. கடையை வாடகைக்கு விட்டால் வாடகையைக் கூட்ட முடியாது, இருப்பவரை எழுப்பவும் முடியாது. எழுப்ப வேண்டுமென்றால் வழக்கு. வழக்கென்றால் வருடக்கணக்கு. ஏழைக் குடியிருப்பாளரைக் காப்பாற்ற வந்த சட்டம் என்பார்கள். இருக்கலாம். மாத்தளையில் அது நன்றாகக் காப்பாற்றியது வியாபாரிகளைத்தான்.

அதிலும் ஒரு வேடிக்கை. சங்கத்தில் இருந்த பாதிப் பேர் ஒரு தெருவில் கட்டடச் சொந்தக்காரர், அடுத்த தெருவில் வாடகைக்காரர். முதலாளிக்கே ஊரில் ஐந்து கட்டடம். ஐந்திலும் ஆட்கள் பழைய வாடகைக்கு அசையாமல் இருந்தார்கள். அவர் கடை வைத்திருந்ததோ இன்னொருவர் கட்டடத்தில், அதுவும் பழைய வாடகைக்கு. வாங்கும் வாடகையைப் பற்றிப் பேசும்போது அவருக்கு நெஞ்சு பதறும். கொடுக்கும் வாடகையைப் பற்றிப் பேச்சு வந்தால் வெற்றிலைத் தட்டைத் தேடுவார்.

அவர் கடை வைத்திருந்த அந்தக் கட்டடம் என் ராத்தாவுடையது, கூடப் பிறந்த அக்காவுடையது.

எங்கள் வாப்பா அதை அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தார். கொடுக்கும்போதே முதலாளி உள்ளே இருந்தார். வாப்பாவும் அவரும் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், அதனால் எழுத்து ஒன்றும் இல்லை. வாப்பா மவுத்தான பிறகு எனக்கு அந்தக் கடையிலேயே வேலை கொடுத்தவரும் முதலாளிதான். அதை நான் மறக்கவில்லை, அவரும் மறக்கவிடவில்லை. ஆக, காலையில் ராத்தாவின் கட்டடத்தைத் திறந்து, ராத்தாவின் வாடகைக்காரருக்கு நாள் முழுக்கச் சேவகம் செய்து, பொழுது சாய்ந்ததும் ராத்தாவின் கட்டடத்தைப் பூட்டிச் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டு வருவேன். சங்கக் கூட்டமும் அந்தக் கடையின் மேல்மாடியில்தான். கட்டடச் சொந்தக்காரரின் உரிமைக்காக அங்கே முழங்கிய பேச்சுகளுக்கெல்லாம் ராத்தாவின் பலகைத் தரைதான் இடம் கொடுத்தது.

ராத்தாவின் கணவர், என் மச்சான், உயிரோடு இருந்தவரை இதெல்லாம் உறுத்தவில்லை. மச்சானுக்குச் சரக்கு வியாபாரம். பஸ் ஏறிப் பல்லேபொலவுக்கும் யட்டவத்தைக்கும் போய், தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி மிளகும் கராம்பும் ஏலமும் வாங்கி வருவார். வீட்டில் காயப்போட்டுத் தரம் பிரிப்பது ராத்தா. உள்ளங்கையில் மிளகை அள்ளி ஒரு ஊது ஊதிப் பார்த்தே நல்ல சரக்கா சப்பைச் சரக்கா என்று சொல்லிவிடுவாள். மச்சானுக்கே அவள் சொன்ன பிறகுதான் விலை சொல்லத் தைரியம் வரும். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலோடு வந்து படுத்த மச்சான் எழும்பவில்லை. ராத்தாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதினாறு நடந்துகொண்டிருந்தது.

கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருந்த நாலு மாதமும் பத்து நாளும் ராத்தா வெள்ளை உடுத்திக்கொண்டு உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. அழுதுகொண்டிருப்பாள் என்று பயந்துதான் ஒவ்வொரு நாளும் போவேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"அவரு போன ஊருக்கெல்லாம் என்னால போக ஏலாது தம்பி. சரக்குக்காரங்க நம்மளத் தேடி வரணும். இந்த ஒழுங்கைக்குள்ள யாரும் வர மாட்டாங்க. தெருப் பக்கம் ஒரு வாசல் வேணும்."

"வாசல் இருக்கே ராத்தா. முதலாளில்ல அதுல இருக்காரு."

"அதத்தான் சொல்றேன். முன்னுக்கு மச்சான்ட தராசுக்காரர் நிப்பாரு. நான் பின்னுக்குத் திரைக்கு உள்ள இருந்துக்குவேன். சரக்கப் பாக்கிறது என்ட வேலை. எனக்கு இது தெரியும். வேற ஒண்டும் தெரியாது."

அவள் எதையும் மிகைப்படுத்திச் சொல்கிறவள் அல்ல. அந்தக் கடை கிடைத்தால் அவள் பிழைத்துக்கொள்வாள், பிள்ளைகளைக் கரை சேர்ப்பாள். கிடைக்காவிட்டால், மாதம் ஒருமுறை வரும் அந்தப் பழைய வாடகையை வைத்து அரிசி வாங்கிவிட்டு மற்றதற்கெல்லாம் சொந்தக்காரர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவள் முன்னே இருந்தது இந்த இரண்டே வழிதான்.

நான் முதலாளியிடம் கேட்டேன். எனக்கே ஆச்சரியம், கேட்டுவிட்டேன். அவர் சத்தம் போடவில்லை. இத்தாக் காலம் முழுக்க வெள்ளிக்கிழமை தவறாமல் ராத்தா வீட்டுக்கு அரிசியும் சீனியும் அனுப்பியவர் அவர். நல்ல மனுசன் என்பதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. அதுதான் பெரிய தொல்லை.

"ஒன்ட ராத்தா எனக்கும் தங்கச்சிதான், அது அவட கட்டடம். அவ கேக்கிறது நியாயம்தான்," என்றார். "நான் எங்க போறது, அதச் சொல்லு. இருவது வருசமா சனம் இந்த வாசலுக்குப் பழகிட்டாங்க."

"முதலாளிட கட்டடம் அஞ்சு இருக்கே. ஒண்டுல..."

"அஞ்சுலயும் ஆள் இருக்காங்க. எழும்புன்னா எழும்புறாங்களா? அதுக்குத்தானே, மகன், சங்கம் வச்சிருக்கோம். சட்டத்த மாத்தட்டும், அடுத்த நாளே நான் எழும்பி என்ட கட்டடத்துக்குப் போயிடுறேன்."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவரைப் பிடித்து வைத்திருந்ததும் ராத்தாவைப் பிடித்து வைத்திருந்ததும் ஒரே சட்டம்தான். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் சட்டத்தைத் திருத்தப் போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. கருத்துச் சொல்ல விரும்பும் சங்கங்கள் எழுத்தில் தரலாம், நேரில் வந்தும் பேசலாம் என்று அமைச்சிலிருந்து கடிதம் வந்தது. எங்கள் சங்கத்துக்குக் கொழும்பிலிருந்து வந்த முதல் கடிதம் அது. முதலாளி அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

பெத்திசத்தின் ஆங்கிலத்துக்குப் பொறுப்பு அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு கிளாக்கர் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மறந்தவர்போல இங்கேயே இருந்துவிட்டார். ஓய்வுக் காசில் ஒரு சின்னக் கடை கட்டி வாடகைக்கு விட்டு, அதனால் எங்கள் சங்கத்தில் வந்து மாட்டிக்கொண்டவர். அவர்தான் அந்த யோசனையைச் சொன்னார்.

"பெரிய முதலாளிமார் போய் அழுதால் ஒருத்தரும் கேக்க மாட்டினம். இந்தத் தம்பியின்ர அக்காவைப்போல, ஒரேயொரு கட்டடத்தோட புருசனை இழந்து நிக்கிற ஒரு பொம்பிளையின்ர கதையைச் சொல்லுவம். அவவையும் கூட்டிக்கொண்டு போவம். அப்பத்தான் ஏறெடுத்துப் பாப்பினம்."

முதலாளிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப்போனது. "சரியான பேச்சு," என்று மேசையில் தட்டினார். அந்தப் பொம்பிளையின் வாடகைக்காரர் யார் என்பது அந்த மேல்மாடியில் இருந்த ஒருவருக்கும் தெரியாத விஷயமல்ல. எல்லோரும் பிளேன்டீயைக் குடித்தார்கள்.

அன்றிரவல்ல, இரண்டு நாள் கழித்து, ஐயா என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பெத்திசம், பந்திக்கு ஒரு கோரிக்கையாக, ஐந்து பந்தியில் முடிந்திருந்தது. வாடகையைக் கூட்ட அனுமதி, நகரசபை வரி, திருத்த வேலைச் செலவு, கடையை உள்வாடகைக்கு விடுவது, புதிதாகக் கட்டுபவருக்குச் சலுகை. ஐந்தும் கட்டடம் பல வைத்திருப்பவர்களுக்கு உரியவை.

"உம்மட அக்காவின்ர கதையை முன்னுக்குப் போட்டிட்டு, அவவுக்கெண்டு ஒண்டும் கேக்காமல் விடுறது சரியில்லைத் தம்பி," என்றவர் ஒரு தாளை நீட்டினார். ஆறாவது பந்தி. ஒரேயொரு கட்டடமும் வேறு வருமானம் இல்லாத நிலையும் உடையவர், தன் சொந்தத் தொழிலுக்கு அது தேவையென்றால், ஒரு வருட முன்னறிவித்தலோடு நீண்ட வழக்கு இல்லாமல் அதை மீட்க வழி செய்ய வேண்டும். அவ்வளவுதான். ராத்தாவை உட்காரவைத்து அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருந்தது.

தாளை இன்னொரு தரம் வாசித்தேன். இந்தப் பந்தியால் முதலாளிக்கு ஒரு லாபமும் இல்லை. அவருடைய ஐந்து கட்டடமும் இதற்குள் வராது. நட்டம் மட்டும் நிச்சயம்.

"கூட்டத்தில வாசிச்சுக் காட்டும்," என்றார் ஐயா. "நாலைந்து பேர் ஆதரிப்பினம். நானும் பேசுறன்."

சரி என்றேன். வாசிக்கத்தான் நினைத்தேன். அதை இப்போதும் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

எங்கள் சங்கத்தில் வாக்கெடுப்பு என்று ஒன்று கிடையாது. விஷயத்தைத் தமிழில் வாசிப்பேன், கேட்பார்கள், முறுமுறுப்பார்கள், கடைசியில் முதலாளி கையை ஏந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுவார். எங்களில் கல்யாணப் பேச்சும் அப்படித்தான் முடியும், காணி பேசினாலும் அப்படித்தான் முடியும். ஃபாத்திஹா ஓதியாயிற்று என்றால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு வாய் திறக்கிறவனை மனிதனாக மதிக்க மாட்டார்கள். கிளாக்கர் ஐயாவும் அந்த நேரம் எழுந்து கைகட்டி நிற்பார்.

அன்றைக்கு ஒவ்வொரு பந்தியாக வாசித்தேன். ஐயாவுக்கு இருமல், கூட்டத்துக்கு வரவில்லை. ஐந்தாவது பந்திக்கே அரைமணி நேரம் சண்டை பிடித்தார்கள். அது முடியும்போது மாலைத் தொழுகை மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் நேரம் நெருங்கிவிட்டது. முதலாளி தொப்பியைச் சரிசெய்துகொண்டு கேட்டார்.

"மிச்சமும் இதே மாதிரிச் சாமான்தானே?"

கையில் ஆறாவது பந்தி இருந்தது. எதிரில் எல்லோரும் கடையைப் பார்க்கவும் தொழவும் எழும்பத் துடித்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் சொல்லிற்று: "ஓம் முதலாளி."

அவர் கையை ஏந்தினார். எல்லோரும் ஏந்தினார்கள். நானும் ஏந்தினேன். பிறகு அவர், எப்போதும் போல, ஆறு பந்தியோடும் நான் ஆங்கிலத்தில் அடித்திருந்த தாள்களை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஆறாவது பந்தியின் கீழேதான் அவர் கையெழுத்து விழுந்தது.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது என்னையே அறையத் தோன்றுகிறது. பெரிய கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்தேன். நேரே ராத்தாவிடம் போய்ச் சொன்னேன். "ஆறாவது பந்தி ஒங்கட பந்தி ராத்தா." எழுதியிருந்ததை ஒவ்வொரு சொல்லாகத் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தரம் கேட்டாள். முதலாளி ஒத்துக்கொண்டாரா என்று கேட்டாள். "கையெழுத்துப் போட்டுட்டாரு," என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு முதலாளிக்காகத் துஆ கேட்டாள். நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

கொழும்புக்குப் போன நாள் ராத்தாவின் இத்தா முடிந்து மூன்றாவது நாள். மச்சானின் மையித்து வீட்டை விட்டுப் போன பிறகு அவள் படலையைத் தாண்டியது அன்றைக்குத்தான். விடியற்காலையில் முதலாளியின் காரில் புறப்பட்டோம். முன்னால் சாரதியும் முதலாளியும். பின்னால் ஒரு ஜன்னலோரம் ராத்தா, மறு ஜன்னலோரம் கிளாக்கர் ஐயா, நடுவில் இருவர் மீதும் சாயாமல் நான். ராத்தாவின் மடியில் எல்லோருக்கும் கட்டிய சோற்றுப் பொதிகள். வழி நெடுக அவள் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கடுகண்ணாவை இறக்கத்தில் என் காதோடு கேட்டாள்: "சிங்களத்துலயா பேசுவாங்க?" ஆமென்றேன். "நல்லது, எனக்கும் விளங்கும்," என்றாள்.

அமைச்சில் எங்களைச் சந்தித்தவர் ஒரு மேலதிகாரி. மெலிந்த மனிதர், மரியாதையாகப் பேசினார். ராத்தாவுக்கு எழுந்து கதிரையை நகர்த்திப் போட்டார். முதலாளியின் சிங்களம் எங்களெல்லோருடையதையும்விடச் சுத்தம். அவர் பேசத் தொடங்கினார். இந்தத் தங்கச்சியைப் பாருங்கள் சேர் என்றார். கணவனை இழந்தவள், இரண்டு குமர்ப்பிள்ளைகள், தகப்பன் கொடுத்த ஒரேயொரு கட்டடம், அதில் வருகிற வாடகை ஒரு வாரச் சந்தைச் செலவுக்குப் போதாது என்றார். சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுத்தது. நடிப்பு என்று சொல்ல மாட்டேன். கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது.

"அந்தக் கட்டடத்தில் இப்போது யார் இருக்கிறார்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு வியாபாரி, சேர்," என்றார் முதலாளி.

கிளாக்கர் ஐயா இருமினார். நான் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன்.

அதிகாரி தாள்களைப் புரட்டினார். முதல் ஐந்தையும் பற்றி அவர் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்: நடக்காது. வாடகையைக் கூட்டினால் சாமான் விலை கூடும், அரசாங்கம் அதற்குத் தயாரில்லை. முதலாளியின் முகம் தொங்கிற்று. பிறகு அதிகாரி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஆனால் இந்த ஆறாவது பந்தி நியாயமானது," என்றார்.

ராத்தாவின் கை முந்தானையை இறுகப் பிடித்ததைப் பார்த்தேன்.

"ஒரே கட்டடம் உள்ளவர், சொந்தத் தொழிலுக்குக் கேட்கிறார். இந்த அம்மாவின் பிரச்சினையே இதுதானே? இதை நான் சிபாரிசோடு மேலே அனுப்பலாம். மற்ற ஊர்ச் சங்கம் ஒன்றும் இதைக் கேட்கவில்லை. நீங்கள் இதை வலியுறுத்துகிறீர்களா?"

முதலாளிக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. பெத்திசத்தைக் கையில் வாங்கினார். ஆங்கிலம் அவருக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும். கீழே தன் கையெழுத்து இருந்ததைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபம் இருக்கும் என்று நினைத்தேன். கோபத்தைத் தாங்கியிருப்பேன். அவர் நொந்துபோயிருந்தார். வெகு மெதுவாகத் தமிழில் கேட்டார்.

"மகன், அண்டைக்கி ஃபாத்திஹாவுக்கு முந்தி இத நீ வாசிச்சியா?"

வாசித்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு சொல். ஐயா அன்றைக்கு வரவில்லை, அவருக்குத் தெரியாது. மறந்துவிட்டீர்கள் முதலாளி, பாங்கு நேரம் அவசரத்தில் கேட்காமல் விட்டுவிட்டீர்கள் என்று சாதித்திருக்கலாம். ஆனால் ஃபாத்திஹாவை வைத்துக் கேட்ட கேள்விக்குப் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. உண்மையைத் தைரியமாகச் சொல்லவும் வரவில்லை. நான் வாசிக்கவில்லை, வாசித்தால் நீங்கள் விடமாட்டீர்கள், அவளுடைய வாடகைக்காரர் நீங்கள்தானே என்று அந்த அதிகாரிக்கு விளங்கும் மொழியிலேயே சொல்லியிருக்கலாம். அந்த ஆள் கேட்டிருப்பார். என் வேலை போயிருக்கும். அந்தக் கணத்தில் நான் நினைத்தது என் வேலையைப் பற்றி மட்டும்தான் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

"இல்ல முதலாளி," என்றேன்.

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "மன்னிக்க வேண்டும் சேர். இது சங்கத்தின் முடிவு அல்ல. எழுத்தில் வந்த தவறு. எடுத்துவிடுங்கள்."

அதிகாரிக்கு நம்ப முடியவில்லை. ராத்தாவைப் பார்த்தார். "அம்மா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

ராத்தா பேசுவாள் என்று நினைத்தேன். பேச வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், பேசிவிடக் கூடாது என்றும் வேண்டிக்கொண்டேன். அவள் முதலாளியைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தபடி சிங்களத்தில் சொன்னாள்: "என் தம்பிதான் செயலாளர். அவர் சொல்வார்."

"தவறுதான் சேர்," என்றேன்.

கிளாக்கர் ஐயா ஏதோ சொல்ல வாய் எடுத்தார். ஆனால் தலைவரும் செயலாளரும் சொன்ன பிறகு அவர் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதிகாரி பெத்திசத்தை என் பக்கம் தள்ளி, வெட்டிவிட்டுப் பக்கத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார். கோடு நேராக வர வேண்டுமென்று அவரே அடிமட்டத்தையும் எடுத்துக் கொடுத்தார். பந்தி எட்டு வரி. எட்டையும் வெட்டினேன்.

திரும்பும்போது வறக்காப்பொலப் பக்கம் மர நிழலில் காரை நிறுத்திச் சாப்பிட்டோம். ராத்தா பொதிகளைப் பிரித்து முதல் பொதியை முதலாளிக்குக் கொடுத்தாள். அவர் சாப்பிட்டுவிட்டு இறைச்சிக் கறியைப் புகழ்ந்தார். பிறகு சொன்னார், "தங்கச்சி, ஒங்கட வீட்டுக் கூரை ஒழுகுதாம். நாளைக்கி ஆள் அனுப்புறேன், ஓடு மாத்தட்டும்." என்னை ஒரு சொல்லும் திட்டவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. திட்டியிருந்தால் நான் அவருக்கு எதிர்ப்பக்கமாவது நின்றிருப்பேன். கிளாக்கர் ஐயா மட்டும் சாப்பாட்டைத் தொடவில்லை, பசியில்லை என்றார். அதற்குப் பிறகு அவர் கூட்டத்துக்கும் வரவில்லை.

ராத்தாவை வீட்டில் விட்டபோது உள்ளே வரச் சொன்னாள். பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுக் கேட்டாள்.

"அத ஏன் ஒளிச்சி வச்ச?"

"வாசிச்சிருந்தா விட்டிருப்பாரா ராத்தா?"

"மனசோட விட்டிருக்க மாட்டாரு. ஆனா அத்தன பேர் காதுல விழுந்திருக்கும். அத்தன பேருக்கு முன்னால இந்தப் புள்ளைகளுக்கு இல்லன்னு அவர் வாயால சொல்லியிருக்கணும். அத அவரால சொல்லியிருக்க ஏலாது தம்பி. அவர் அந்த மாதிரி மனுசன் இல்ல."

அவள் சொன்னது சரி. எத்தனையோ தரம் திருப்பித் திருப்பி யோசித்துவிட்டேன், அவள் சொன்னதுதான் சரி. ஊர் பார்க்க ஒரு விதவைக்கு எதிராகப் பேச முதலாளியால் முடியாது. முறுமுறுத்திருப்பார், தொப்பியைக் கழற்றி மாட்டியிருப்பார், கடைசியில் ஃபாத்திஹா ஓதியிருப்பார். அதற்குப் பிறகு அது அவருடைய சொல்லாகிவிட்டிருக்கும். மந்திரியே தடுத்தாலும் அவர் கொழும்பில் அதற்காகப் பேசியிருப்பார். நான் கெட்டிக்காரத்தனம் பண்ணி அதைத் தாளுக்குள் ஒளித்தேன். அவரை ஒரு சொல்லுக்குக் கட்டுப்படுத்தும் ஒரே கயிற்றை நானே அறுத்தேன்.

அழுதேன். ராத்தா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். "நீ வேலைய உட்டுறாத. ஒனக்கும் புள்ள குட்டி இருக்கு," என்றாள்.

சட்டம் திருத்தப்பட்டது, பிறகு மாற்றப்பட்டது, ஒவ்வொரு தரமும் உள்ளே இருப்பவரின் பிடி இறுகியதே தவிரத் தளரவில்லை. சங்கம் பெத்திசம் அனுப்பிக்கொண்டே இருந்தது. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ராத்தா வீட்டுக்குள் கொஞ்ச நாள் மிளகு வாங்கிப் பார்த்தாள். ஒழுங்கைக்குள் வந்தவர்கள் வழி தவறி வந்த ஒன்றிரண்டு பேர்தான். மூத்தவளுக்கு ஒரு நல்ல இடம் பேசி வந்தது. கட்டடத்தை விற்பதென்று ராத்தா முடிவெடுத்தாள். ஆள் உள்ளே இருக்கும் கட்டடத்தை யார் வாங்குவார்? வந்து பார்த்தவர்கள் பாதிக்குப் பாதி விலை கேட்டார்கள். கடைசியில், அவர்களைவிடக் கொஞ்சம் கூட்டி, அதை வாங்கியவர் முதலாளி. ஊரில் எல்லோரும் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். உண்மையில் அவரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு கொடுத்திருக்கவும் மாட்டார்கள்.

பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டில் விற்பனை உறுதியை வாசித்தார்கள். ராத்தா கையெழுத்துப் போட்டாள், முதலாளி போட்டார். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு சாட்சி நொத்தாரிசின் கிளாக்கர். மற்றச் சாட்சிக்கு ஆள் இல்லை. வெளியே போய் யாரையாவது கூட்டி வருகிறேன் என்று நான் எழுந்தேன். எனக்கு அங்கிருந்து போனால் போதும் என்றிருந்தது.

"எங்க போற?" என்றாள் ராத்தா. "நீயே போடு. கட்டடத்த வித்துட்டேன்னு சொல்லி இன்னொரு ஆளக் கூப்புட எனக்கு வெக்கமா இருக்கு."

நொத்தாரிசு விரலை வைத்து இடத்தைக் காட்டினார். விற்பவரை எனக்கு நன்றாகத் தெரியும் என்றும், அவர் தன் முழுச் சம்மதத்தோடு விற்கிறார் என்றும் அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டேன்.